லெட் இட் பீ மறுபடியும்: ஸ்பெக்டரா, ஜான்ஸா, திருட்டுத்தட்டா?

#1 ஊசிமுனை

பீட்டில்ஸின் லெட் இட் பீ ஆல்பத்தில் டிக் எ போனி பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1970 மே 8 அன்று வெளியான ஆல்பத்தில் கிட்டார் முகப்பு முடிந்ததும் லெனன் நேரே முதல் சரணத்துக்குள் நுழைந்துவிடுவார். ஆனால் 1969 ஜனவரி 30, சவில் ரோ மொட்டை மாடியில் வாசித்தபோது அந்த இடத்தில் 'ஆல் ஐ வாண்ட் இஸ்' என்று ஒரு கூட்டுக்குரல் வரி இருந்தது. முடிவிலும் அதே வரி திரும்ப வரும். ஆல்பத்தைக் கட்டிமுடித்த தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் இரண்டையும் கத்தரித்துவிட்டார். பூட்லெக்கில், அதாவது திருட்டுத்தட்டில், அந்தப் பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஆல்பம் பதிப்பில் இன்றைக்கும் வாசலே இல்லை.

2024 மே மாதம் அந்த ஜனவரிப் பதிவுகளைப் படம்பிடித்த பழைய லெட் இட் பீ படத்தைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டதிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம் திரும்பிவிட்டது. இப்போது கையில் இருப்பவை: ஸ்பெக்டரின் 1970 ஆல்பம், ஸ்பெக்டர் சேர்த்ததை நீக்கி 2003 நவம்பரில் வந்த நேக்கட், 2021 பெட்டித் தொகுப்பு, அதற்குள் ஒருவழியாக அதிகாரபூர்வமாக வந்த ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸின் கெட் பேக், ஸ்பெக்டருக்கு முன் அவர் கட்டிய பதிப்பு. இவற்றுக்கு அப்பால் அரை நூற்றாண்டாகக் கைமாறிக்கொண்டிருக்கும் திருட்டுத்தட்டுகள்.

என் கட்சி இது. அந்த ஜனவரி மாதத்தில் ஓடிய நாடாக்கள்தான் உண்மையான படைப்பு. ஆல்பம் அதிலிருந்து கிள்ளி எடுத்த ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்த நாடாக்களைக் கேட்டவர்கள் அதே படப்பிடிப்பிலிருந்து பீட்டர் ஜாக்சன் 2021இல் கோத்த ஆவணப்படம் வருவதற்கு இருபது வருடம் முன்பே ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தார்கள்: அந்த மாதம் முழுக்க அழுகையும் சண்டையும் இல்லை.

அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

#2 மோனோமணி

வந்துவிட்டேன் அண்ணே.

ஸ்பெக்டரைத் திட்டுவது ரொம்பச் சுலபம். அவர் கைக்கு வந்தது என்ன என்று பாருங்கள். 1969 மே 28 அன்று கிளின் ஜான்ஸ் ஓர் ஆல்பம் கட்டிக்கொடுத்தார், வேண்டாம் என்றார்கள். 1970 ஜனவரி 5 அன்று மாற்றிக் கட்டிக்கொடுத்தார், அதுவும் வேண்டாம். நாடாக்கள் ஒரு வருடமாகச் சீந்துவாரில்லாமல் கிடந்தன. ஸ்பெக்டர் மார்ச் 23இல் உட்கார்ந்து ஏப்ரல் 2இல் முடித்துவிட்டார்.

ஐ மீ மைன் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 ஜனவரி 3 அன்று லெனன் இல்லாமல் மற்ற மூவரும் பதிந்தது. மூல நீளம் 1 நிமிடம் 34 நொடி. ஸ்பெக்டர் ஒரு பகுதியை நகலெடுத்துத் திரும்ப ஒட்டி, 2 நிமிடம் 25 நொடி ஆக்கினார். ஒட்டு எங்கே என்று தெரியாமல் எத்தனை பேர் எத்தனை வருடம் கேட்டிருப்போம்! தொழில் தெரிந்தவன் வேலை அது. அவர் வாழ்க்கையில் பிறகு செய்ததெல்லாம் வேறு கணக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஜான்ஸ் பதிப்பு? பாட்டு நடுவில் நிற்கிறது, ஒருவர் இருமுகிறார், இன்னொருவர் சிரிக்கிறார். ஒரு முறை கேட்டால் சுவாரசியம். பத்தாவது முறை?

#3 மொட்டைமாடி

பத்தாவது முறையும் சுவாரசியம்தான் மணி. உமக்குப் பொறுமை இல்லை.

#4 புதுக்காது

வணக்கம். ஜாக்சன் படம் பார்த்துவிட்டு உள்ளே வந்தவன் நான். நீங்கள் எல்லாரும் நாக்ரா, அசிட்டேட், கம் பேக் என்று பேசுகிறீர்கள், பாதி புரியவில்லை. யாராவது முதலிலிருந்து சொல்ல முடியுமா? ஒரே ஆல்பத்துக்கு எப்படி இத்தனை திருட்டுப் பதிப்பு வந்தது?

#5 ரீல்பைத்தியம்

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தனித்தனி ஊற்றுகள் உண்டு. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதல் ஊற்று, கிளின் ஜான்ஸ் கலந்த ஒலி. ஸ்டுடியோவில் அன்றைய வேலையை வீட்டில் கேட்டுப் பார்க்க அசிட்டேட் வெட்டுவார்கள். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு, அதில் நேரடியாகக் கீறிய தட்டு. மிருதுவான சாமான். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். ஜான்ஸ் தற்காலிகமாகக் கலந்த அப்படி ஓர் அசிட்டேட் எப்படியோ அமெரிக்க வானொலிக்காரர்கள் கைக்குப் போனது. 1969 செப்டம்பரில் பாஸ்டனின் டபிள்யூபிசிஎன் நிலையம் அதை ஒலிபரப்பியது. கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பதிந்துகொண்டார்கள். 1970 தொடக்கத்தில் கம் பேக் என்ற பெயரில் தட்டு வந்துவிட்டது. கெட் பேக் என்ற பெயரைக் கேலியாகத் திருப்பிப் போட்ட பெயர். வெள்ளை உறை, கம்பெனி பெயர் கிடையாது. அதிகாரபூர்வ ஆல்பம் கடைக்கு வர இன்னும் மாதங்கள் இருந்தன!

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ராக் இசையில் பேர் வாங்கிய முதல் பூட்லெக் என்றால் 1969 கோடையில் லாஸ் ஏஞ்சலஸில் வந்த டிலனின் கிரேட் ஒயிட் வொண்டர். அடுத்த சில மாதத்திலேயே கம் பேக். ஆக இந்தத் தொழில் பிறந்த கையோடு இந்த ஆல்பமும் அதற்குள் மாட்டிக்கொண்டது.

இரண்டாவது ஊற்று படப்பிடிப்பு ஒலி. இதுதான் ஊசிமுனை பேசுவது. 1969 ஜனவரி 2 அன்று ட்விக்கன்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் வேலை தொடங்கியது. இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக். அங்கே பல தட ஒலிப்பதிவே கிடையாது. இருந்தது இரண்டு கேமரா, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி, மோனோ. ஒரு ரீல் சுமார் 16 நிமிடம் ஓடும். ஒன்றில் ரீல் மாற்றும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பாட்டு மட்டும் இல்லை, தேநீர் கேட்பது, பத்திரிகைச் செய்தியை வாசித்துக் கிண்டலடிப்பது, கிட்டார் சுருதி சேர்ப்பது எல்லாமே பதிவாகிவிட்டது. நடுநடுவே 'பீப்' என்று ஒத்திசைவுச் சத்தம். ரீல் எண்ணைச் சொல்லும் ஒரு குரல். மாத இறுதிவரை சேர்த்தால் சுமார் 150 மணி நேரம்.

ஜனவரி 21 வாக்கில் பீட்டில்ஸின் சொந்தக் கம்பெனியான ஆப்பிளின் சவில் ரோ கட்டட நிலவறைக்கு இடம் மாறினார்கள், அங்கேதான் எட்டுத் தடப் பதிவு ஆரம்பமானது. 22ஆம் தேதி விசைப்பலகைக் கலைஞர் பில்லி பிரெஸ்டன் வந்து மின்பியானோவில் உட்கார்ந்தார். எந்த அதிகாரபூர்வ வெளியீட்டிலும் ட்விக்கன்ஹாம் வாசிப்பு சொற்பமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தரமான மூலமே கிடையாது. மோனோ நாக்ரா மட்டும்தான்.

அந்த நாக்ரா ரீல்கள் எப்படியோ வெளியேறின. 1970களின் நடுவில் ஸ்வீட் ஆப்பிள் டிராக்ஸ் இரட்டைத் தட்டுகள். 1981இல் பிளாக் ஆல்பம், மூன்று தட்டு, வெள்ளை ஆல்பத்தின் உறையைக் கறுப்பாக்கிக் கிண்டல். சிடி காலத்தில் 17 சிடி கொண்ட தர்ட்டி டேஸ். கடைசியில் பர்ப்பிள் சிக் என்ற பெயரில் ரசிகர்கள் எல்லா ரீலையும் தேதிவாரியாகக் கோத்து, ஏ ரீல் பி ரீல் இரண்டையும் இணைத்து, 83 சிடி அளவுக்கு ஒரு தொகுப்பு செய்தார்கள். பெயர் ஏ/பி ரோடு. விற்பனைக்கு இல்லை, கைமாற்றாகச் சுற்றியது.

#6 புதுக்காது

83 சிடியா?!

#7 மொட்டைமாடி

ஆமாம். அதில் டோன்ட் லெட் மீ டவுன் எத்தனை முறை வருகிறது என்று கேட்காதே.

#8 ஒன்பதாம் எண்

ரீல்பைத்தியம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜான்ஸ் 1969 பதிப்பு ஒன் ஆஃப்டர் 909 பாட்டில் தொடங்கும். டெடி பாய் இருக்கும், ராக்கர் என்று ஒரு குட்டி வாசிப்பு இருக்கும், டிக் இட் சுமார் நான்கு நிமிடம் ஓடும். ஸ்பெக்டர் ஆல்பத்தில் டிக் இட் 50 நொடிதான். மூலத்தில் அது பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடிய அரட்டை வாசிப்பு.

அட்டைக்கும் ஒரு கதை. முதல் ஆல்பமான பிளீஸ் பிளீஸ் மீ அட்டைக்கு ஆங்கஸ் மக்பீன் எடுத்த படத்தை, அதே ஈஎம்ஐ கட்டட மாடிப்படியில், அதே கோணத்தில், 1969இல் அவரையே வைத்து மறுபடி எடுத்தார்கள். ஆல்பம் கைவிடப்பட்டதும் அந்தப் படம் 1973இல் வந்த நீலத் தொகுப்பின் அட்டைக்குப் போய்விட்டது. பூட்லெக்காரர்கள் விடுவார்களா? தங்கள் கெட் பேக் தட்டுகளுக்கு அந்த அட்டையைத் தாங்களே அச்சடித்துக்கொண்டார்கள். 2021 பெட்டியில்தான் அந்தப் படம் தன் சொந்த ஆல்பத்தின் மேல் அதிகாரபூர்வமாக உட்கார்ந்தது.

மணிக்கு ஒரு கேள்வி. லாங் அண்ட் வைண்டிங் ரோடு பற்றி என்ன சொல்கிறீர்?

#9 மோனோமணி

அங்கேதான் வருவீர்கள் என்று தெரியும்.

1970 ஏப்ரல் 1. ஸ்பெக்டர் இசைக்குழுவையும் 14 பெண் குரல்களையும் கொண்டுவந்து அடுக்கினார். மெக்கார்ட்னிக்குக் கோபம். ஏப்ரல் 14 அன்று குழுவின் மேலாளர் ஆலன் கிளைனுக்குக் கடிதம் எழுதினார்: தந்திகளைக் குறை, குரல்களைக் குறை, கடைசியில் வரும் ஹார்ப்பை எடுத்துவிடு. எதுவும் நடக்கவில்லை. பிறகு குழுவைக் கலைக்கப் போட்ட வழக்கிலும் இதைக் காரணமாகச் சொன்னார். எல்லாம் சரி.

ஆனால் அந்த அடுக்கு ஏன் தேவைப்பட்டது? அடியில் இருப்பது ஜனவரி 26 வாசிப்பு. பேஸ் வாசித்தது லெனன், ஆறு தந்தி பேஸில். கம் பேக்கையோ ஜான்ஸ் பதிப்பையோ போட்டு, குரலை மறந்துவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். சுரம் தவறுகிறது, தாமதமாக வருகிறது, சில இடத்தில் அப்படியே சறுக்குகிறது. ஸ்பெக்டர் ஓட்டையை மூடினார், அவ்வளவுதான். கொஞ்சம் அதிகமாக மூடினார், ஒப்புக்கொள்கிறேன். வாத்திய அமைப்பு எழுதிய ரிச்சர்ட் ஹ்யூசன், பாடகி மேரி ஹாப்கினின் தோஸ் வேர் தி டேஸ் பாட்டுக்கு மெக்கார்ட்னியே கூப்பிட்டு எழுத வைத்தவர் என்பது ஒரு வேடிக்கை.

#10 ஒன்பதாம் எண்

ஓட்டையை மூட வேறு வழி இருந்தது. ஜனவரி 31 வாசிப்பு. படத்தில் வருவதும் அதுதான், 2003 நேக்கட் எடுத்துக்கொண்டதும் அதுதான். பேஸ் ஒழுங்காக இருக்கிறது, பில்லி பிரெஸ்டனின் ஆர்கன் தெளிவாகக் கேட்கிறது. ஸ்பெக்டர் கைக்கெட்டும் தூரத்தில் அந்த நாடாவும் இருந்தது. போய் எடுக்கவில்லை.

இந்த வித்தியாசம் பூட்லெக் கேட்டவர்களுக்கு 1970களிலேயே தெரியும். நேக்கட் வந்தபோது பத்திரிகைகள் புதிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதின.

#11 ஊசிமுனை

அதே நேக்கட், மேகி மே பாட்டையும் டிக் இட்டையும் தூக்கி எறிந்துவிட்டது. பாட்டுக்கு நடுவே இருந்த பேச்சையெல்லாம் துடைத்துவிட்டது. டோன்ட் லெட் மீ டவுனுக்கு மாடியில் வாசித்த இரண்டு டேக்கை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் நிர்வாணம்! ஸ்பெக்டர் ஒருவகை ஒப்பனை செய்தார், இவர்கள் வேறுவகை ஒப்பனை. ஒட்டாமல் வெட்டாமல் இருப்பது நாக்ரா ஒன்றுதான்.

ஸ்பெக்டர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான கெட் பேக்கும் அப்படித்தான். முடிவில் லெனன் 'தேர்வில் தேறியிருப்போம் என்று நம்புகிறேன்' என்று சொல்வது மாடியில் சொன்னது. பாட்டு? ஜனவரி 27, நிலவறை. மாடியில் வாசித்த கெட் பேக்கை எடுக்காமல், மாடியில் பேசிய பேச்சை மட்டும் கொண்டுவந்து வாலில் கட்டியிருக்கிறார். கேட்பவன் மொட்டை மாடிக் குளிரில் நிற்பதாக நினைத்துக்கொள்வான்.

#12 நெறியாளர்

சின்ன நினைவூட்டல். பதிவிறக்கச் சுட்டி போடாதீர்கள், தனிமடலில் கேட்டு நச்சரிக்காதீர்கள். பேச்சு தொடரட்டும்.

#13 கறுப்பு அரக்கு

எல்லாரும் பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நாக்ராவின் மதிப்பு வேறு ஒரு விஷயத்தில் இருக்கிறது. கெட் பேக் பாட்டின் குடியேறிகள் வரி.

1980களில் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று, பூட்லெக்கில் கிடந்த ஒரு துண்டை எடுத்துப்போட்டு, பீட்டில்ஸ் பாகிஸ்தானியர்களுக்கு எதிராகப் பாடினார்கள் என்று கொளுத்திவிட்டது. துண்டை மட்டும் கேட்டால் தூக்கிவாரிப் போடும். பாகிஸ்தானியர்கள் வேலைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்கிற மாதிரி மெக்கார்ட்னி பாடிப் பார்க்கிறார். நம் ஆட்களைப் பற்றிய பேச்சு அது, லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது அந்த மாதத்தின் சூழலைப் பாருங்கள். 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் கன்சர்வேடிவ் எம்.பி. ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு நாட்டையே இரண்டாக்கியிருந்தது. அதற்குச் சற்று முன்புதான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த கென்ய ஆசியர்கள் உள்ளே வருவதைத் தடுக்கச் சட்டம் போட்டிருந்தார்கள். 1969 ஜனவரியில், இவர்கள் ட்விக்கன்ஹாமில் ஒத்திகை பார்த்த அதே வாரத்தில், காமன்வெல்த் பிரதமர்கள் லண்டனில் கூடியிருந்தார்கள். பத்திரிகை முழுக்க இதே பேச்சு.

ஜனவரி 9 ரீலில் காமன்வெல்த் என்று ஒரு கூத்து வருகிறது. மெக்கார்ட்னி எல்விஸ் பாணிக் குரலில் பவலின் பெயரை இழுத்துப் பாடுகிறார், யாரை எங்கே திருப்பி அனுப்புவது என்று அடுக்குகிறார். ஒவ்வொரு முறை 'காமன்வெல்த்' என்று கூப்பிடும்போதும் லெனன் ஒரு பாட்டிம்மா குரலில் 'என்ன?' என்று கேட்கிறார். பவலை வைத்துச் செய்யும் கிண்டல் என்பது கேட்கிற யாருக்கும் தெரியும். மெக்கார்ட்னியும் பின்னாளில் அதையேதான் சொன்னார்: குடியேறிகளை வெறுப்பவர்களைப் பற்றிய பாட்டு. ஆனால் கிண்டல் வரியைப் பாட்டில் வைத்தால் ஜனம் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளும். அந்த வரி போனது. எஞ்சியதுதான் நாம் கேட்கும் கெட் பேக்.

கவனியுங்கள், அவப்பெயரைக் கொடுத்ததும் பூட்லெக்தான், அதைத் துடைத்ததும் பூட்லெக்தான். நாற்பது நிமிடத் தட்டில் துண்டாகப் போட்டபோது பழி வந்தது. முழு ரீல் சுற்றத் தொடங்கியபோது விளக்கம் கிடைத்தது.

#14 மொட்டைமாடி

அரக்கு அண்ணா, அருமையாகச் சொன்னீர்கள். இந்த ஒரு பதிலுக்காகவே இழையைச் சேமித்துவைக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். கிண்டல் என்றாலும் அந்த அறையில் அதைக் கேட்டு நெளிய ஒரு தெற்காசியர் இல்லை. நால்வரும் சிரிக்கிறார்கள். இன்றைக்குக் கேட்கும்போது எனக்கு முழுசாகச் சிரிப்பு வருவதில்லை.

#15 கறுப்பு அரக்கு

எனக்கும்தான் அக்கா. நோக்கம் சரி, காதுக்கு உறுத்தல் உறுத்தல்தான்.

#16 மோனோமணி

ஊசிமுனையின் முதல் பதிவுக்குத் திரும்புகிறேன். 'நாடா கேட்டவர்களுக்கு முன்பே தெரியும், அந்த மாதம் சந்தோஷமான மாதம்' என்கிறார்.

கொஞ்சம் நில்லுங்கள். டக் சல்பியும் ரே ஷ்வெய்கார்ட்டும் 1990களில் இந்த நாடாக்களை உட்கார்ந்து கேட்டு, நாள்வாரியாக ஒரு புத்தகமே எழுதினார்கள். ஜாக்சனுக்கு முன் இந்த ரீல்களைப் பற்றி வந்த மிக விரிவான வேலை அது. அதைப் படித்தால் என்ன தோன்றுகிறது? சலிப்பு, எரிச்சல், சிதைவு. அதே ரீல்கள்தான்! அவர்கள் ஒன்றைக் கேட்டார்கள், ஜாக்சன் வேறொன்றைக் கேட்டார்.

ஜனவரி 10 மதியம் ஹாரிசன் எழுந்து போனார். 12ஆம் தேதி ரிங்கோ வீட்டில் பேசிப் பார்த்தும் சரிவரவில்லை. 13ஆம் தேதி சாப்பாட்டு அறையில் லெனனும் மெக்கார்ட்னியும் பேசியதை, லிண்ட்சே-ஹாக் பூந்தொட்டிக்குள் ஒலிவாங்கியை ஒளித்துவைத்துப் பதிந்தார். தட்டும் கரண்டியும் மோதும் சத்தத்துக்கு அடியில் அந்தப் பேச்சைக் கேளுங்கள். ஹாரிசனை இருவரும் எப்படி நடத்தினார்கள் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு சந்தோஷமான மாதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

#17 ஊசிமுனை

நான் சந்தோஷமான மாதம் என்று சொல்லவே இல்லை மணி. முழுக்க அழுகை இல்லை என்றேன். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

1970 படத்தில் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் உரசிக்கொள்ளும் காட்சி எல்லாருக்கும் தெரியும். 'நீ என்ன வாசிக்கச் சொல்கிறாயோ அதை வாசிக்கிறேன், வாசிக்க வேண்டாம் என்றால் வாசிக்கவில்லை' என்பார் ஹாரிசன். படத்தில் அது இடி விழுந்த மாதிரி வந்து போகும். ஜனவரி 6 ரீலில் அதற்கு முன்னும் பின்னும் கேளுங்கள். டூ ஆஃப் அஸ் பாட்டில் கிட்டாரை எங்கே நுழைப்பது என்று நீண்ட நேரம் முட்டிமோதுகிறார்கள். மெக்கார்ட்னி தான் தொந்தரவு செய்வது தெரிந்தே தயங்கித் தயங்கிப் பேசுகிறார். ஹாரிசன் குரலில் கத்தல் இல்லை, களைப்பு இருக்கிறது. சண்டை என்பதைவிட, வெகுகாலம் சேர்ந்து வேலை செய்தவர்களின் அலுப்பு. அந்த அலுப்பு படமாக வெட்டும்போது போய்விடும். 1970 படமும் வெட்டியது, ஜாக்சனின் எட்டு மணி நேரமும் வெட்டியதுதான்.

சல்பி புத்தகம் பற்றி நீர் சொன்னது சரி. ஆனால் அவர்கள் ரீலைக் கேட்ட காலத்தில் கதையின் முடிவு எல்லார் மண்டையிலும் முன்பே ஏறியிருந்தது. 1970இல் பிரிந்தார்கள், ஆகவே 1969 ஜனவரியில் பிரிவு தெரிய வேண்டும் என்று தேடிக் கேட்டார்கள்.

#18 மோனோமணி

நீரும் தேடித்தான் கேட்கிறீர். வேறு எதையோ.

#19 ரீல்பைத்தியம்

ஹாரிசன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ் பாட்டை அந்த மாதம் எத்தனை நாள் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிறார்கள் என்பது நாக்ரா கேட்டால்தான் உறைக்கும். ஒருமுறை காட்டினார், மற்றவர்கள் ஒதுக்கினார்கள் என்பது பொதுவாக உலவும் கதை. உண்மையில் பல நாள் முயல்கிறார்கள், கூட்டுக்குரல் கட்டிப் பார்க்கிறார்கள், கடைசிவரை கட்டி முடிவதில்லை. பிப்ரவரி 25, தன் பிறந்தநாளன்று, ஹாரிசன் தனியாகப் போய் அதைப் பதிந்துகொண்டார்.

ஜெலஸ் கை பாட்டின் மெட்டு சைல்ட் ஆஃப் நேச்சர் என்ற பெயரில், கிம்மி சம் ட்ரூத், அனதர் டே... இவர்கள் தனித்தனியாகப் போட்ட ஆல்பங்களின் விதை பாதி இந்த ரீல்களில் கிடக்கிறது.

#20 சுருதிப்பெட்டி

எனக்கு ஒரு உறுத்தல். அந்த நால்வரும் இதையெல்லாம் நாம் கேட்க வேண்டும் என்று பேசவில்லை. திருட்டு நாடா அது. 2003 ஜனவரியில் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் போலீஸ் சோதனை போட்டுச் சுமார் 500 நாடாக்களை மீட்டது, ஆட்களையும் கைது செய்தது. நாம் இங்கே 'காப்பாற்றினார்கள்' என்கிறோம். பூட்லெக்காரன் காப்பாற்றவா போட்டான்? காசு பார்க்கப் போட்டான். மட்டமான ஒலி, தப்பான பாட்டுப் பெயர், பெரிய விலை.

#21 ஊசிமுனை

காசுக்குப் போட்டவனை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. தேதி பார்த்து, வேகம் திருத்தி, ஏ ரீல் பி ரீல் சேர்த்து, ஒரு பைசா வாங்காமல் கொடுத்தவர்களைச் சொல்கிறேன். எந்த கம்பெனியும் சம்பளம் கொடுத்து அந்த வேலையை அப்போது செய்யவில்லை.

அந்தரங்கம் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். படப்பிடிப்பில் ரகசியம் பேச வேண்டி வந்தால் கிட்டாரை உரக்க மீட்டிக்கொண்டே பேசுவார்களாம், ஒலிவாங்கிக்குக் கேட்கக் கூடாது என்று. பழைய பூட்லெக்கில் அங்கே கிட்டார் சத்தம்தான் கேட்கும். ஜாக்சன் குழு மால் என்ற எந்திரக் கற்றல் நிரலை வைத்து அந்தக் கிட்டாரை உரித்தெடுத்துவிட்டது, பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஜாக்சனே பேட்டிகளில் சொன்னது இது. திருட்டுத்தட்டு மீறாத அந்தரங்கத்தை அதிகாரபூர்வப் படம் மீறியிருக்கிறது!

#22 சுருதிப்பெட்டி

அதற்கு உரிமைக்காரர்கள் ஒப்புதல் உண்டே அண்ணே. இருவர் உயிரோடு இருக்கிறார்கள், மற்ற இருவர் குடும்பமும் சரி என்றது. அது பெரிய வித்தியாசம்.

#23 ஒன்பதாம் எண்

இந்தப் பேச்சுக்கு முடிவு கிடையாது. லெட் இட் பீ பாட்டின் கிட்டார் சோலோவுக்கு வாருங்கள், அதையாவது தீர்த்துவிடுவோம்.

அடித்தளம் ஒரே டேக், 1969 ஜனவரி 31. தனிப்பாட்டாக வந்தபோது ஏப்ரல் 30 அன்று ஹாரிசன் லெஸ்லி சுழல் ஒலிப்பெட்டி வழியே வாசித்த சோலோ: மென்மை, மிதப்பு. ஆல்பத்தில் 1970 ஜனவரி 4 அன்று வாசித்த முரட்டு சோலோ. நேக்கட்டில் ஜனவரி 31இன் வேறொரு டேக்கிலிருந்து எடுத்தது, படத்தில் கேட்பது. என் ஓட்டு லெஸ்லிக்கு.

#24 மோனோமணி

ஆல்பம் சோலோ. யோசிக்கவே வேண்டாம்.

#25 மொட்டைமாடி

லெஸ்லி. மணி சொல்வதற்கு எதிராக என்பதற்காகவே.

#26 கறுப்பு அரக்கு

ஆல்பம். ஸ்பெக்டரைப் பிடிக்காது, ஆனால் அந்த இடத்தில் அவர் கை சரி.

#27 ரீல்பைத்தியம்

2021 பெட்டி பற்றி யாரும் திட்டவில்லையே என்று ஆச்சரியப்படுகிறேன். ஐந்து சிடி, ஒரு புளூரே. ஒரு சிடியில் நான்கே பாட்டு! மீதி இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். மாடிக் கச்சேரி மொத்தமும் சேர்த்தால் 42 நிமிடம்தான், அந்தத் தட்டிலேயே ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. 2022 ஜனவரியில் இணைய ஓடையில் மட்டும் விட்டார்கள். இப்படிச் செய்துவிட்டு பூட்லெக் வாங்காதே என்றால் எப்படி?

2013 டிசம்பரில் இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவில் ஐம்பது வருடத்துக்குள் வெளியிடாத ஒலிப்பதிவுக்கு உரிமை காலாவதி ஆகிவிடும் என்பதால், 1963 பதிவுகள் 59ஐ அவசர அவசரமாக ஐடியூன்ஸில் போட்டார்கள். வைத்த பெயர் பூட்லெக் ரெக்கார்டிங்ஸ் 1963. வாழ்நாள் முழுக்கத் துரத்திய பெயரைத் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள்.

#28 புதுக்காது

எல்லாருக்கும் நன்றி. 83 சிடியும் கேட்க எனக்கு ஆயுசு போதாது. எதிலிருந்து தொடங்கலாம்?

#29 ஊசிமுனை

முதலில் 2021 பெட்டியில் உள்ள ஜான்ஸ் பதிப்பைக் கேள், காசு கொடுத்துக் கிடைக்கிறது. அப்புறம் ஜாக்சன் படத்தில் ஜனவரி 7 பகுதியை மறுபடி போடு. லெனன் இன்னும் வரவில்லை. மெக்கார்ட்னி பேஸைக் கிட்டார் மாதிரி அடித்துக்கொண்டு சொல் இல்லாமல் முனகுகிறார். ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த முனகலிலிருந்து கெட் பேக் தலைகாட்டுகிறது. படத்தில் சில நிமிடம்தான். அதுவே அலுப்புத் தட்டினால் நாக்ரா உனக்கு வேண்டாம். இன்னும் வேண்டும் என்று தோன்றினால் உன்னை யாராலும் காப்பாற்ற முடியாது.

#30 மோனோமணி

தம்பி, அவர் பேச்சைக் கேட்காதே. ஸ்பெக்டர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஒருமுறை கேள். 35 நிமிடம். அப்புறம் யார் கட்சி என்று முடிவு செய்.

#31 புதுக்காது

இரண்டையும் செய்தேன். ஜனவரி 7 பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சோலோ மட்டும் மணி அண்ணன் கட்சி.

#32 மொட்டைமாடி

போச்சு, ஆல்பம் மூன்று, லெஸ்லி இரண்டு. ஊசிமுனை, ரீல்பைத்தியம், உங்கள் ஓட்டு எங்கே?